தவுக்கே அழுத கதையை ஆபீசரிடம் சொல்லாதே

அன்பு மகள் தாரணிக்கு, சிங்கப்பூர் சுவா சூ காங் வீட்டிலிருந்து உன் அப்பா சொல்லச் சொல்ல நாகூர் கனி மாமா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி திலீப்பும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி இருக்கிறது, ஆனால் என்னைத் திட்ட எழுந்து வரும்போது மட்டும் அந்த வலி தெரிவதில்லை, அதனால் அதையும் சுகத்திலேயே சேர்த்துக்கொள். அங்கே டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளை பிரபாகரும் சுகமா என்று கேட்பதுதான் முறை. நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் சுகம் என்பாய், உன்னைப் பொய் சொல்ல வைத்த பாவம் எனக்கு எதற்கு?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே "அப்பா, லைன் சரியில்ல" என்று வைத்துவிடுகிறாய். அம்மா பாகற்காய்க் குழம்பு வைத்த கதையைச் சொல்லும்போதெல்லாம் லைன் கண்ணாடி மாதிரி இருக்கிறது, நான் வாயைத் திறந்தால்தான் கனடாவில் பனி கொட்டிக் கம்பி அறுந்துவிடுகிறது. கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. திலீப்பிடம் சொல்லி எழுதச் சொல்லலாம், ஆனால் அவன் நான் சொல்வதை எல்லாம் பிழிந்து சாற்றை நாலு வரியில் மெசேஜ் அனுப்பிவிட்டுச் சக்கையை எனக்கே திருப்பிக் கொடுப்பான். கனி மாமா டன்லப் ஸ்திரீட்டில் கடை வைத்திருந்த காலத்திலிருந்து எழுதிப் பழகிய கை, கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம். இருக்குமாம் என்று அவர்தான் சொல்கிறார், எனக்கு என்ன தெரியும்? நான் சொன்னது கொஞ்சம், அவர் எழுதின நேரம் அதிகம், அதிலிருந்து தன்னைப் பற்றி நாலு வார்த்தை நன்றாகப் போட்டுக்கொண்டார் என்று தெரிகிறது. இதையும் எழுது என்கிறேன், சிரிக்கிறார், எழுதுகிறாரோ இல்லையோ.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ என்ன சொன்னாய்? "வேலைய நானே விட்டுட்டேன்ப்பா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கலாம்னு. மேனேஜர் போகாதன்னு ரொம்பக் கெஞ்சினாரு" என்றாய். அம்மா நம்பிவிட்டாள், நம்பினதோடு மூன்றாவது மாடி வரைக்கும் போய்ச் சொல்லியும் விட்டாள். நான் நம்பவில்லை. போனில்தான் முகம் தெரிகிறதே, நீ அதைச் சொல்லும்போது இடது காதுத் தோட்டைத் திருகிக்கொண்டே சொன்னாய். நாலாம் வகுப்பில் பள்ளிக்கூடத் தீபாவளி நடனத்திலிருந்து உன்னை எடுத்துவிட்டார்கள், நீ வீட்டுக்கு வந்து "நானே ஆடலன்னு சொல்லிட்டேன், டீச்சர் அழுதுட்டாங்க" என்றாய், அன்றைக்கும் அதே காது, அதே தோடு இல்லை, அது சிவப்புக் கல் வைத்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால் பார்த்ததை எல்லாம் மண்டைக்குள்தான் வைத்திருக்க வேண்டும், வேறு இடம் இல்லை. அப்புறம் மாப்பிள்ளை. எப்போதும் "நல்லா இருக்கோம் மாமா" என்று ஒரு தடவை சொல்கிறவர் அன்றைக்கு ஒரே மூச்சில் மூன்று தடவை சொன்னார். திலீப்பை உட்காரவைத்து அவனுக்குப் பிடித்த மீன் தலைக்கறி வாங்கிக் கொடுத்துக் கேட்டேன், பாதி மீன் உள்ளே போவதற்குள் முழு உண்மையும் வெளியே வந்துவிட்டது. உன் கம்பெனியில் ஆள் குறைத்திருக்கிறார்கள், அதில் உன்னையும் அனுப்பிவிட்டார்கள், அந்த ஊரில் வேலை போனவர்களுக்கு என்று கொடுக்கிற பணத்துக்கு நீ எழுதிப் போட மாட்டேன் என்கிறாய், கேட்டால் பிச்சை எடுக்கவா சொல்றீங்க என்று மாப்பிள்ளை மேல் பாய்கிறாய். அவரைத் திட்டாதே, பாவம், அவர் திலீப்பிடம் ரகசியம் என்றுதான் சொன்னார். ரகசியத்தை மீன் தலைக்கறி பிடிக்கிறவனிடம் சொன்னது அவர் தப்பு, உன் தப்பு இல்லை.

கெஞ்சினாரு என்றாய் பார், அந்த இடத்தில்தான் உன்னைப் பிடித்தேன். ஏனென்றால் என் கதையில் தவுக்கே, அதுதான் என் சீன முதலாளி, அழுதார். உன் கதையில் மேனேஜர் கெஞ்சுகிறார். அப்பன் செடி வைத்த மண்ணில் வேறு என்ன முளைக்கும்? அந்தக் கதையை நீ கேட்டதில்லை. உன்னிடமும் நான் செடி நர்சரி வேலையை நானே விட்டுவிட்டேன் என்றுதான் சொன்னேன். இப்போது நிஜத்தைச் சொல்கிறேன், சிரிக்க வேண்டுமானால் சிரி, ஆனால் கடைசி வரை படி.

கிராஞ்சியில் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நர்சரி நிலத்துக்குக் குத்தகை முடிந்தது. தவுக்கே பாதிச் செடியை விற்றார், பாதியை மகன் பார்க்கிற இடத்துக்கு ஏற்றினார், ஆளை எங்கே ஏற்றுவது? என்னைத் தகரக் கொட்டகைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். இடம் மூடுகிறோம், ஆள் தேவை இல்லை என்று அதில் எழுதியிருந்ததைத் திலீப் படித்துச் சொன்னான். காகிதம் நல்ல காகிதம், முத்திரை எல்லாம் இருந்தது. காகிதம் எதையும் கெடுக்கவில்லை தாரணி, கெடுத்தது என் வாய். மறுநாள் காலை லிப்டில் பக்கத்து வீட்டு அம்மா "என்ன அங்கிள், இன்னிக்கு வேலைக்குப் போகலியா?" என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை, அதுவாக வந்தது, "நானே விட்டுட்டேன்மா, போதும்னு." நம் ஜனத்தில் வேலை போய்விட்டது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? எண்பத்தைந்தில் கப்பல் பட்டறைகளில் ஆள் ஆளாக அனுப்பினார்கள், எனக்குத் தெரிந்தே ஒரு லாரி நிறைய ஆட்கள் போனார்கள். மறுநாள் தேக்காவில் டீ குடித்தவர்களைக் கேட்டால் ஒருவனுக்கும் வேலை போகவில்லை, எல்லாரும் தாங்களாக விட்டவர்கள், எல்லாருடைய சூப்பர்வைசரும் காலில் விழுந்தவர்கள். அப்படிப் பார்த்தால் அந்த வருஷம் சிங்கப்பூரில் சூப்பர்வைசர் எவனும் நிமிர்ந்து நடந்திருக்கவே முடியாது.

லிப்டில் ஒரு வரியாகச் சொன்னது கோயில் வாசலுக்குப் போனபோது நாலு வரி ஆனது. தவுக்கே சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றார், நான் மாட்டேன் என்றேன். பூக்கடைக்காரரிடம் சொன்னபோது தவுக்கே கண் கலங்கினார். தேக்கா மார்க்கெட்டில் நாங்கள் கிழவர்கள் கூடி டீ குடிக்கிற மேசைக்கு வந்து சேர்ந்தபோது அவர் தேம்பித் தேம்பி அழுதார், நான் கையில் இருந்த ரப்பர் குழாயைத் தரையில் வீசி எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன், குழாய் பாம்பு மாதிரித் துள்ளி அவர் சட்டையை எல்லாம் நனைத்தது. கனி மாமா அந்தக் கதையை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பார், புது ஆள் மேசைக்கு வந்தால் "யோவ் செல்லக்கண்ணு, அந்தக் குழாய் கதையச் சொல்லு" என்பார், நான் சொல்வேன், சொல்லும்போதெல்லாம் குழாய் கொஞ்சம் நீளும். எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறார் மனுஷர், இப்போது எழுதும்போது ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்திருக்கிறார்.

இதற்கு நடுவில் திலீப், வேலை பறிபோனவர்கள் வேறு வேலை தேடுகிற வரைக்கும் அரசாங்கம் கொஞ்ச மாதத்துக்கு உதவித்தொகை கொடுக்கிறது, அப்பாவும் கேட்கலாம் என்று கண்டுபிடித்தான். நான் முதலில் வேண்டாம் என்றுதான் குதித்தேன். அம்மா ஒரு வார்த்தைதான் கேட்டாள், "அப்ப என் முட்டிக்கு ஊசி போட அந்தக் குழாய வித்துக் குடுப்பீங்களா?" என்றாள். சரி, எழுதிப் போடு என்றேன். எழுதிப் போடுவது என்றால் இப்போது எழுதுவதே இல்லை, போனில் முகத்தைக் காட்ட வேண்டும். நான் விபூதி பூசி, புதுச் சட்டை போட்டு, கல்யாணப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி மூச்சைப் பிடித்து நின்றேன், அது ஏற்கவில்லை. திலீப் பார்த்தால் நான் போனை நெற்றிக்கு நேரே பிடித்துக் கூரையையும் மின்விசிறியையும் காட்டியிருக்கிறேன். அதுக்கப்புறம் ஒரு எண் வரும், அதைச் சொல்ல வேண்டும் என்றான். எண் வரவே இல்லை. மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பார்த்தால் எப்போதோ நீ எனக்கு எல்லாம் பதிந்து கொடுத்தபோது உன்னுடைய பழைய சிங்கப்பூர் எண்ணைக் கொடுத்திருக்கிறாய், நீ கனடா போனதும் அது செத்துப்போய்விட்டது. செத்த எண்ணுக்கு அவர்கள் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதை மாற்றவே ஒரு நாள் போனது. உன்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் நீயும் வீடு மாறினாய், போன் மாற்றினாய், அந்த ஊர் அலுவலகத்தில் உன் பழைய விலாசம் இருக்கிறதா புது விலாசமா என்று முதலில் பார். நல்ல சேதி வரும்போது நாம் பழைய வீட்டு வாசலில் நிற்கக்கூடாது.

ஒரு வாரம் கழித்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். தமிழ்ப் பெண், நல்ல மரியாதையான குரல், அரசாங்கத்திலிருந்து பேசுகிறேன் என்றாள். இப்போதெல்லாம் அரசாங்கம் என்று கூப்பிடுகிறவன் பாதிப்பேர் திருடன், நான் விடுவேனா? "நீ நெசமாவே சிங்கப்பூர்க்காரின்னா தேக்கா மார்க்கெட்டுல புட்டு எந்தப் பக்கம் விக்கிறான் சொல்லு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே கடை இருக்கிற வரிசையையும் சொன்னாள், திங்கட்கிழமை மூடியிருக்கும் என்றும் சொன்னாள். அதற்கு மேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆனால் தாரணி, அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? தேக்கா மேசையில். என் காதுக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். சுற்றிலும் நாலு கிழவர்கள், கனி மாமா உட்பட, டீயைக் கூட உறிஞ்சாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் கேட்டாள், "அங்கிள், நீங்களா ரிசைன் பண்ணீங்களா, இல்ல கம்பெனி உங்கள நிறுத்திட்டாங்களா?" எப்படிச் சொல்வேன்? நேற்றுத்தான் குழாய் சிராங்கூன் ரோடு நீளத்துக்கு நீண்டிருந்தது. "யார் என்னை நிறுத்துறது? நானே விட்டுட்டேன்மா" என்றேன். அவள் நல்ல பெண், இன்னொரு தடவை கேட்டாள், "அங்கிள், கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க லா, லெட்டர்ல வேற மாதிரி இருக்கே" என்றாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு உள்ளே வாங்க என்று கூப்பிடுகிறாள், நான் வாசலில் நின்று மீசையை முறுக்குகிறேன். "யோசிக்க என்ன இருக்கு? தவுக்கே அழுதாரு, நான் குழாயத் தூக்கி எறிஞ்சிட்டு வந்துட்டேன்" என்றேன். மேசையில் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலும் போனில் அவளுக்குக் கேட்டிருக்கும்.

பதில் வந்தது. கடிதத்தில் ஒன்று இருக்கிறது, நீங்கள் சொன்னது ஒன்று இருக்கிறது, தானாக விட்டவர்களுக்கு இந்தப் பணம் இல்லை. திலீப் படித்துச் சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். அம்மாதான் "உங்கப்பா வாய மூடியிருந்தா வீட்டுக்கு அரிசி வந்திருக்கும், தொறந்ததால கைதட்டு வந்துச்சு, அத வடிச்சுச் சாப்பிடலாம் வாங்க" என்றாள். அன்றைக்கு ராத்திரி நிஜமாகவே சோறு இறங்கவில்லை. அம்மாவின் ஊசிக்குத் திலீப் கிட்டத்தான் கேட்க வேண்டும். அவன் கொடுப்பான், முகம் சுளிக்காமல் கொடுப்பான், அதுதான் எனக்குக் கஷ்டம்.

மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்று திலீப் விசாரித்து வந்தான். தவுக்கேயும் இடத்தை மூடினது உண்மை என்று போனில் சொல்லிவிட்டாராம், ஆனால் நேரில் வந்து ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று விளக்க வேண்டுமாம். நான் சொன்னது பொய் என்று சாட்சி சொல்ல ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று நானாக நினைத்துக்கொண்டு கனி மாமாவைக் கூட்டிப்போனேன். அவரைக் கெஞ்ச வேண்டியதே இல்லை. என்னைப் பொய்யன் என்று அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்ல வாய்ப்பு என்றதும் பேரன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அங்கே போனால் எதிரில் உட்கார்ந்திருப்பது அதே பெண். சிவானி என்று பெயர். என் குரலைக் கேட்டதும் "ரப்பர் குழாய் அங்கிள்தானே நீங்க?" என்றாள். கனி மாமா முந்திக்கொண்டார், "ஆமாம்மா, அதே ஆள்தான். இவர எனக்கு நாப்பது வருஷமாத் தெரியும். இவர் சொன்னதுல பாதி பொய், மீதிப் பாதிய இன்னும் சொல்லல" என்றார். தவுக்கே அழவில்லை, குழாய் பறக்கவில்லை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார், நான் சேர்த்ததை எல்லாம் ஒன்று விடாமல் கழற்றினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி ஐயா, ஆனா இத அங்கிளே சொல்லணும்" என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது தாரணி, எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. பொய்க்கு மளமளவென்று ஓடுகிற வாய், பல் பிடுங்க உட்கார்ந்தவன் வாய் மாதிரித் திறந்தே கிடக்கிறது, சத்தம் இல்லை. நிலக் குத்தகையைப் பற்றிச் சொன்னேன், மழையைப் பற்றிச் சொன்னேன், கிராஞ்சிக்கு பஸ் எப்போதாவதுதான் வரும் என்று சொன்னேன். அவள் "ம்" கொட்டிக்கொண்டு காத்திருந்தாள். கனி மாமாகூட வாயை மூடிக்கொண்டார், அது அவர் வாழ்க்கையில் அதிகம் நடக்காத விஷயம். கடைசியில் கீழே பார்த்துக்கொண்டு சொன்னேன், "தவுக்கே அழலம்மா. மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு. 'கெர்ஜா தாக் அடா லா, செல்லா'ன்னாரு, வேலை இல்லைன்னு மலாய்ல, அதுக்கப்புறம் மீன் உருண்டைய எடுத்து வாயில போட்டுக்கிட்டாரு. என்னை நிறுத்திட்டாங்க." அவ்வளவுதான் சொன்னேன். கூரை இடிந்து விழவில்லை. பக்கத்துக் கவுன்டரில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் முகத்தில் ஐயோ பாவமும் இல்லை, சிரிப்பும் இல்லை, டகடகவென்று தட்டினாள், "ஓகே அங்கிள், பேங்க் அக்கவுண்ட் உங்க பேர்லதானே இருக்கு?" என்றாள். நான் எத்தனை வாரமாகத் தொண்டையில் வைத்துக் காத்த சொல், அவளுக்கு ஒரு பொத்தான். எனக்கு அந்த இடத்தில் கோபம்கூட வந்தது, கொஞ்சமாவது வருத்தப்படக்கூடாதா என்று. வெளியே வந்ததும் கனி மாமா தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தார், அதை இந்தக் கடிதத்தில் கட்டாயம் எழுத வேண்டும் என்கிறார், எழுதியாயிற்று.

பணம் வந்தது, அம்மாவுக்கு ஊசி போட்டாயிற்று. ஆனால் சும்மா கொடுக்கவில்லை, மாதா மாதம் வேலை தேடினேன் என்று காட்ட வேண்டும். ஒரு மாதம் காட்ட மறந்தேன், அந்த மாதம் கையை விரித்தார்கள், அதனால் நீ நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள். சிவானி என்னை ஒரு கொண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்ட வேலைக்குப் பேட்டிக்கு அனுப்பினாள். நான் போனதே போனேன் என்று காட்டத்தான், இந்த வயதில் யார் எடுக்கப் போகிறார்கள் என்று. அங்கே ஒரு சின்னவர், கழுத்துப்பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு, "அங்கிள், அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள எங்க பாக்கலாம்?" என்று கேட்டார். "மண்டாய் சுடுகாட்டுப் பக்கம் வந்து பாருங்க தம்பி" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கழுத்துப்பட்டை அவிழ்ந்துவிட்டது, வேலையைக் கொடுத்துவிட்டார். காலையில் மட்டும் போகிறேன், அங்கே வைத்திருக்கிற கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தால் எந்த ஜென்மத்துப் பாவமோ என்று இருக்கிறது, சரிபண்ணிக்கொண்டிருக்கிறேன். வேலை கிடைத்த அன்றைக்கே சிவானியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். வேலையை மறைத்துக்கொண்டு உதவிப் பணமும் வாங்கினால் பின்னால் திருப்பிக் கேட்பார்கள், அது வேறு அசிங்கம். அவள் போனை வைக்கும்போது "குழாயப் பத்திரமா பிடிச்சுக்கோங்க அங்கிள்" என்றாள், குறும்புக்காரி.

இப்போது உன் கதை. உன் ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியாது, நான் சொல்வதை வைத்துக்கொண்டு போய்ச் சண்டை போடாதே, அங்கே விசாரி. ஆனால் திலீப் படித்துப் பார்த்துச் சொன்னான், அங்கேயும் முதல் கேள்வி அதுதானாம், நீயாக விட்டாயா, அவர்கள் அனுப்பினார்களா? நாள் கடத்தினால் பணம் குறையும், இல்லாமலும் போகும் என்றான். நீ மாதா மாதம் வாங்கின சம்பளத்தில் இதற்கென்றே பிடித்திருக்கிறார்களாம். பிறகு எப்படி அது பிச்சை? நீ சீட்டுக் கட்டினாய், இப்போது உன் சீட்டு விழுந்திருக்கிறது, எடுக்க வெட்கப்படுகிறவளை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நீ அந்த ஊர் பாஸ்போர்ட் எடுத்து நம் சிவப்புப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது நான் கோபித்துக்கொண்டு உன்னோடு பேசாமல் இருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? சரி, கொடுத்ததுதான் கொடுத்தாய், அந்த ஊர்க்காரி ஆனதற்கு அந்த ஊர் கொடுப்பதையாவது முழுசாக வாங்கு. இல்லையென்றால் நான் கோபப்பட்டது வீணாகப் போய்விடும்.

கோயிலில் பார்க்கிற பெண்களிடம் நீயே விட்டாய் என்று சொல், மேனேஜர் கெஞ்சினார் என்று சொல், அவர் பெண்டாட்டியும் சேர்ந்து கெஞ்சினாள் என்று சொன்னாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானும் தேக்கா மேசையில் இன்னும் குழாயை எறிந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்த ஆபீசர் கேட்கும்போது மட்டும் மேனேஜர் உன்னை அனுப்புகிற நேரத்தில் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தாரோ அதைச் சொல். முதல் தடவை கஷ்டமாக இருக்கும், அதனால் ஒத்திகைக்கு என்னைக் கூப்பிடு. காலையில் நீ காப்பி போடும்போது கூப்பிடு, எனக்கு அப்போது சாயங்காலம், ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், கனி மாமாவையும் விரட்டிவிடுகிறேன். நீ அந்த ஒரு வரியைச் சொல்லு. நான் ஏன் என்று கேட்க மாட்டேன், யார் என்று கேட்க மாட்டேன், அந்தக் கம்பெனியைத் திட்டக்கூட மாட்டேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். சாப்பிட்டியாம்மா என்று மட்டும் கேட்பேன். அதுக்கப்புறம் லைன் சரியில்லை என்றால் வைத்துவிடு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. அவர் இனி ரகசியத்தை நேராக என்னிடமே சொல்லட்டும், மீன் தலைக்கறிச் செலவு மிச்சம். அம்மா உனக்கு நெல்லிக்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், கனடா போகிற யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறோம். அவளிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை, அவளுக்கு உன் மேனேஜர் கெஞ்சிக்கொண்டே இருக்கட்டும், நீயாகச் சொல்கிற வரைக்கும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. வேலை போன தேதி எது, அனுப்பின கடிதம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி எடுத்து ஒரு இடத்தில் வை, நாளைக்கு என்று தள்ளாதே. வீரமாகாளியம்மன் உன் கூடவே இருப்பாள், நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். கனி மாமாவும் துவா செய்கிறேன் என்கிறார். கையெழுத்துப் போடுகிற இடத்தில் வெறும் அப்பா என்று போடட்டுமா என்று கேட்டார், வேண்டாம், நான் சொல்கிறபடியே முழுசாக எழுது என்று சொல்லியிருக்கிறேன், எழுதினதை எனக்குப் படித்தும் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட
உன் அப்பா,
செல்லக்கண்ணு